கரைவலையில் வந்த தலைவர்கள்

வெள்ளைக்காரன் தன் கொடியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பலேறிப் போன பிறகு அக்வாரா நாட்டை யார் யார் ஆண்டார்களோ, அவர்கள் எல்லோரும் ஆட்சி பறிபோன அன்றைக்கு எங்கள் கெடோமே ஊர்க் கரைவலையில் வந்து விழுந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் எத்தனையோ மீனவ ஊர்கள் இருக்க, கடல் ஏன் எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தது என்று ஆரம்பத்தில் கொஞ்ச நாள் பேசிக்கொண்டோம். அப்புறம் மழை ஏன் பெய்கிறது என்று யாரும் கேட்காதது போல அதையும் கேட்காமல் விட்டுவிட்டோம்.

முதலில் வந்தவர் முதல் பிரதமர். விடுதலை விடுதலை என்று ஊர் ஊராகத் தொண்டை கட்டக் கத்தியவர், பிறகு தனக்கு எதிராக மூச்சுவிட்டவர்களையெல்லாம் சிறையில் அடைத்தவர், வெளிநாட்டு விருந்தொன்றில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இங்கே பட்டாளம் அரண்மனையைப் பிடித்துக்கொண்டது. அன்று வலையை இழுத்தவர்கள் கனத்தைப் பார்த்துப் பெரிய சுறா என்று நினைத்தார்கள். வலைக் கடைசியில் பைபோல இருக்கும் மடியைப் பிரித்தால் மத்தி மீன்களுக்கு நடுவில் கோட்டும் சூட்டுமாக, மூக்கில் கண்ணாடி அப்படியே இருக்க, உயிரோடு எழுந்து உட்கார்ந்து, "நாளைக்குத்தானே கொடியேற்றம்? நேரமாகிவிட்டதா?" என்று கேட்டார். ஆண்ட வருஷங்கள் மொத்தமும் அவர் தலையிலிருந்து கழுவிப் போயிருந்தன. பதவி ஏற்பதற்கு முந்தின நாள் வரைக்கும்தான் அவருக்கு நினைவு இருந்தது. பின்னாளில் அவர் வெளிநாட்டு மருத்துவமனையில் செத்துப்போனதாக வானொலி சொன்னது, சவ ஊர்வலத்தின் பாண்டு வாத்தியத்தைக்கூட ஒலிபரப்பியது. அதைக் கேட்டபடி எங்கள் ஊர் முற்றத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், "பாவம், யாரோ பெரிய மனுஷர் போல" என்றார்.

எங்கள் ஊர்த் தலைவர் கோக்குவி இதற்கு இரண்டு வழக்கங்களை ஏற்படுத்தினார். யார் வீட்டு வலையில் வந்தாரோ அந்த வீடுதான் அவருக்குச் சோறு போட வேண்டும். ஆட்சியில் அவர் செய்ததையெல்லாம் யாரும் அவரிடம் சொல்லக் கூடாது. இரண்டாவது வழக்கத்துக்குக் காரணம் இருந்தது. அண்ணனைச் சிறையில் பறிகொடுத்த ஒருவன் ஆத்திரம் தாங்காமல் பிரதமரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவர் கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றி மடித்து மணலில் வைத்துவிட்டு, நேராகக் கடலுக்குள் நடந்துபோனார். மறுநாள் வலையில் திரும்ப வந்தார். "நாளைக்குத்தானே கொடியேற்றம்?" என்று கேட்டார். சொல்லிப் பயனில்லை என்று அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கியது.

பிறகு அவரை விரட்டிய பிரிகேடியர் வந்தார், சொந்தக் காவலர்களே சுட்ட அன்றைக்கு, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல். தனக்கு விடுமுறை கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊதல் செய்து கொடுத்தார். பிறகு தேர்தலில் ஜெயித்த பேராசிரியர் வந்தார், கருவூலத்தைத் துடைத்துக்கொண்டு விமானம் ஏறியவர். "ஓட்டு எண்ணி முடித்துவிட்டார்களா? ஜெயித்தால் பள்ளிக்கூடம்தான் முதலில்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். பிறகு மாதங்களின் பெயரைத் தன் பிள்ளைகளின் பெயராக மாற்றிய கர்னல். எல்லோரும் சாதுவான மனிதர்களாக இருந்தார்கள். படகைக் கரையேற்ற ஆள் போதவில்லை என்றால் கூப்பிடாமலே வந்து தோள் கொடுத்தார்கள். பட்டணத்தில் அவர்கள் பெயரைக் கேட்டாலே ஜனங்கள் காறித் துப்பினார்கள். இங்கே நாங்கள் அவர்களுக்குச் சோளக் களியும் மீன்குழம்பும் ஊற்றிப் பிழைக்க வைத்தோம்.

கர்னல் விழுந்தது டெலாலியின் வீட்டு வலையில். டெலாலி மீனைப் புகை போட்டுச் சந்தையில் விற்கிறவள். புருஷன் கடலில் போய் வராமல் போனவன். அவன் வலையைக் கூலிக்காரர்களை வைத்து இழுத்து, ஒரே மகன் எடெமை வளர்த்தாள். கர்னலுக்குச் சோறு கொண்டுபோவது எடெமின் வேலை. அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரே குந்தியிருந்து அவர் முகத்தையே பார்ப்பான்.

"அம்மா, இவர்தானே கோக்குவி தாத்தாவின் தம்பியை மரத்தில் கட்டிச் சுடச் சொன்னவர்?" என்று ஒருநாள் கேட்டான்.

"மெதுவாகப் பேசு."

"மீன் முள் குத்தியதற்கு இப்படி அழுகிறார். இவரா சொல்லியிருப்பார்?"

"அந்த நாற்காலி அப்படி."

"நான் உட்கார்ந்தால் அப்படி ஆக மாட்டேன்."

டெலாலி சிரித்தாள். அதற்கப்புறம் அவள் அதை நினைத்துச் சிரித்ததே இல்லை. எடெம் வளர்ந்தான், பட்டாளத்தில் சேர்ந்தான், கேப்டன் ஆனான், அப்போது ஆண்டுகொண்டிருந்த கிழட்டு ஜெனரல் ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்களைச் சுடச் சொன்னபோது துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தான். ஒரு நாள் காலை வானொலியில் பாண்டு வாத்தியம் ஒலித்து, அது நின்றதும், "அக்வாரா மக்களே, நான் கேப்டன் எடெம்" என்று எங்கள் பையனின் குரல் வந்தது. ஊரே மேளத்தை எடுத்துக்கொண்டு டெலாலியின் வாசலுக்கு ஓடியது. அன்றைக்கே கிழட்டு ஜெனரல் வலையில் வந்து விழுந்ததைக் கவனிக்கக்கூட ஆளில்லை, அவராகவே மடியைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்தார். டெலாலி மட்டும் ஆடவில்லை. அவள் ஜெனரலின் தலையைத் துவட்டிவிட்டுக் கடலைப் பார்த்தபடி நின்றாள். பக்கத்து வீட்டு மாவுசி வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"நாடே உன் வயிற்றைக் கொண்டாடுகிறது, இங்கே என்ன பார்க்கிறாய் அக்கா?"

"என் பிள்ளை இந்த வழியாகத்தானே திரும்பி வருவான் மாவுசி" என்றாள் டெலாலி.

மாவுசிக்கு செலோம் என்று ஒரு மகன். எடெமை விடச் சின்னவன். எடெம்தான் அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தான், இரண்டு பேரும் ஒரே பாயில் தூங்கி வளர்ந்தவர்கள்.

முதலில் நல்லதெல்லாம் வந்தது. சாலை வந்தது, மின்கம்பம் வந்தது, எடெமின் சிரித்த முகம் அச்சடித்த கோணி மூட்டைகளில் அரிசி வந்தது. பிறகு எடெமே காரில் வந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான், மாவுசி வீட்டில் சாப்பிட்டான், செலோமின் தலையைத் தட்டினான். அப்புறம் முற்றத்துக்குப் போனான். அங்கே அவனுக்கு முன்னால் நாட்டை ஆண்டவர்கள் எல்லோரும் பலகையில் வரிசையாக உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். முதல் பிரதமர் தலையை நிமிர்த்தி அவன் சீருடையைப் பார்த்து, கொஞ்சம் நகர்ந்து, "உட்கார் தம்பி, இடம் இருக்கிறது" என்றார்.

எடெம் உட்காரவில்லை. கழியில் காய்ந்துகொண்டிருந்த வலைகளை வெகுநேரம் பார்த்தான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறிப் போனான்.

அதிலிருந்துதான் பயம் அவனைப் பிடித்தது. கரையில் இனி யாரும் வலை போடக் கூடாது, கரைவலையானாலும் வீச்சுவலையானாலும் எறிந்தவன் துரோகி என்று உத்தரவு வந்தது. லாரிகளில் பட்டாளத்துக்காரர்கள் வந்து வலைகளைக் குவித்து எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள், படகுகளின் அடிப்பலகையைக் கோடாலியால் பிளந்தார்கள். மீன் இல்லாத கெடோமேயில் விற்றுச் சோறு வாங்க எங்களிடம் வேறொன்றும் இல்லை. கோணியில் இருந்த அரிசி தீர்ந்தது, மரவள்ளி தீர்ந்தது, பிறகு மரவள்ளித் தோலை இடித்துக் களி கிண்டினோம், பிறகு கரையில் ஒதுங்கும் பாசியை வேகவைத்தோம், கைக்குழந்தைகள் அழுவதை நிறுத்திவிட்டதால் ஊர் அமைதியாகிவிட்டது. முதல் பிரதமர் அந்தப் பஞ்சத்தில்தான் போனார். சாகும்போதும் கொடியேற்றம் எப்போது என்றுதான் கேட்டார். "நாளைக்கு" என்று சொல்லி அவர் கண்களை மூடிவிட்டாள் டெலாலி. எடுத்துப் புதைக்கத் தெம்புள்ளவர்களாகப் பிரிகேடியரும் பேராசிரியரும்தான் வந்தார்கள்.

அதற்குள் இளவட்டங்கள் பொறுக்க முடியாமல் பக்கத்துப் பட்டணத்துச் சந்தையில் கூடி, வலையைக் கொடு, கடலைக் கொடு என்று கத்தினார்கள். முன்னால் நின்றவன் செலோம். சாயங்காலத்துக்குள் அவர்கள் எல்லோரையும் லாரியில் ஏற்றி வடக்குப் பக்கமாகக் கொண்டுபோனார்கள். லாரி போன புழுதியைத்தான் மாவுசி பார்த்தாள். மகனைப் பார்க்கவில்லை.

டெலாலி தலைநகரத்துக்குப் போனாள். அரண்மனை வாசலில், "நான் அவனைப் பெற்றவள்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் உள்ளே விட்டார்கள். எடெம் ஜன்னல்களையெல்லாம் அடைத்த அறையில் இருந்தான். கடல் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

"ஊர் பட்டினி கிடக்கிறது எடெம்."

"தெரியும்."

"தெரிந்துமா?"

"அம்மா, வலை போட்டால்தானே ஆள் வருவான்? வலையே இல்லை என்றால் யாரும் விழ முடியாது."

"வலை யாரையும் நாற்காலியிலிருந்து இறக்கவில்லையடா. நீங்கள் விழுகிறீர்கள், வலை ஏந்துகிறது, அவ்வளவுதான்."

அவன் திரும்பிப் பார்த்தான். "நிச்சயமாகத் தெரியுமா உனக்கு? எது முதலில் என்று நீ பார்த்தாயா?"

அவளுக்குத் தெரியவில்லை. ஊரில் யாருக்கும் தெரியாது. அதை விட்டுவிட்டு அவன் காலடியில் உட்கார்ந்தாள்.

"செலோமை மட்டுமாவது கொடு. மாவுசி தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்கிறாள்."

"எந்த செலோம்?" என்றான் எடெம்.

அவன் நடிக்கவில்லை. நடித்தால் பெற்றவளுக்குத் தெரியும். அவள் எழுந்து தோளில் சுற்றியிருந்த துணியை இழுத்து மூடிக்கொண்டு, அவன் நீட்டிய சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல், நடந்தும் லாரியில் தொற்றியும் ஊர் வந்து சேர்ந்தாள். மாவுசி வாசலிலேயே காத்திருந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, டெலாலியின் முகத்தில் பதில் எழுதியிருந்தது.

"அக்கா, நீ பெற்றவள். நீயே வலை போட்டு அவனை இறக்கு" என்றாள்.

"வலைதான் இறக்குகிறது என்று யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. அவன் நம்புகிறான் இல்லையா? எனக்கு அது போதும்."

டெலாலி அன்று முழுக்கப் புகையடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் நெருப்பும் இல்லை, மீனும் இல்லை. வலை போட்டு அவன் வராவிட்டால் பட்டாளம் ஊரை எரிக்கும். வந்துவிட்டால், அவன் அங்கே எப்படி விழுந்தான் என்பதை வானொலி சொல்லும், அதைக் காதால் கேட்க வேண்டும். ஆனால் வருகிறவன் பதவி ஏறுவதற்கு முந்தின நாள் எடெம், செலோமைத் தெரிந்த எடெம், துப்பாக்கியை நல்லதுக்காகத் திருப்பிப் பிடிக்கப் போகிறவன். அவனைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவள் நெஞ்சில் இருந்தது. அந்த ஆசைக்காகவே தன்னை அவள் வெறுத்தாள். நியாயத்துக்காகச் செய்கிறாளா, பிள்ளைப் பாசத்துக்காகச் செய்கிறாளா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. கடைசியில் எழுந்து, மூலையில் கிடந்த வெற்றுக் கோணிகளை எடுத்து, அவன் சிரித்த முகத்தின் ஓரத்திலிருந்து நூலை உருவத் தொடங்கினாள். மாவுசி பேசாமல் வந்து எதிரே உட்கார்ந்து இன்னொரு கோணியைப் பிரித்தாள். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் தங்கள் வீட்டுக் கோணிகளோடு வந்தார்கள். உருவிய நூலை முறுக்கினார்கள், முறுக்கியதை முடிந்தார்கள், மகன்களைப் பறிகொடுத்தவர்களும் குழந்தைகளைப் புதைத்தவர்களும் முடிச்சுக்கு ஒரு பேர் சொல்லி முடிந்தார்கள், ஒரு மழைக்காலம் வந்து போனது, வலை வளர்ந்து வீட்டு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

எங்கள் கரையில் பெண்கள் வலை போட்டதில்லை. அந்த விடியற்காலையில் போட்டார்கள். காவலுக்கு நின்ற பட்டாளத்துக்காரர்களும் எங்களைப் போலவே பாசி தின்றுகொண்டிருந்தவர்கள்தான். துப்பாக்கியை மணலில் நட்டுவிட்டு அவர்கள் தென்னைகளின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள். டெலாலியும் மாவுசியும் கழுத்தளவு தண்ணீரில் வலையைக் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு பக்கமும் பெண்கள் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பாட்டில்லாமல், மூச்சு மட்டும் ஒன்றாக, பின்னால் பின்னால் நடந்து இழுத்தார்கள். வலை கனத்தது. டெலாலிக்கு அந்தக் கனம் தெரிந்தது.

மடியைப் பிரித்தபோது, பதக்கங்கள் குத்திய சீருடையோடு எடெம் இருமிக்கொண்டு எழுந்தான். உப்புத் தண்ணீரைத் துப்பினான். அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா! என்ன இப்படி மெலிந்துபோய்விட்டாய்? யார் உனக்குச் சாப்பாடு போடவில்லை?"

டெலாலி அவன் முகத்தைத் துணியால் துடைத்தாள். அதே நேரத்தில் கோக்குவியின் வீட்டு வானொலியில் பாண்டு வாத்தியம் கேட்டது. கேப்டன் எடெமை அரண்மனைப் படிக்கட்டில் அவருடைய காவலர்களே சுட்டுவிட்டார்கள் என்று சொன்னார்கள், இனி ஆளப்போகும் யாரோ ஒரு சார்ஜென்ட்டின் பெயரைச் சொன்னார்கள். வலை முதலா குண்டு முதலா என்று ஆண்கள் அங்கேயே வாக்குவாதத்தைத் தொடங்கினார்கள். பெண்கள் கேட்கவில்லை, எடெமைச் சுற்றி வந்து நின்றார்கள்.

எடெம் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "சின்னம்மா, செலோம் எங்கே?" என்று மாவுசியிடம் கேட்டான்.

மாவுசி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். கோக்குவி கையைத் தூக்கி, "வேண்டாம், சொல்லாதீர்கள். கடலுக்குப் போவான், மறந்துபோய்த் திரும்ப வருவான். வீட்டுக்குக் கூட்டிப் போ டெலாலி, சோறு போடு" என்றார்.

டெலாலி மகனின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். கேட்டவர்கள் எங்கே போவார்கள் என்று அவளுக்குத் தெரியும், அதனால் எலும்பு நோகப் பிடித்தாள்.

"சொல்லுங்கள். நான் விட மாட்டேன்" என்றாள்.

பெண்கள் சொன்னார்கள். வலைகள் எரிந்ததை ஒருத்தி சொன்னாள், குழந்தையைப் புதைத்ததை ஒருத்தி சொன்னாள், சந்தையையும் லாரியையும் புழுதியையும் மாவுசி சொன்னாள். பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார்கள். எடெம் முதலில் கோபப்பட்டான். "யார் செய்தது? எந்த நாய்? சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான்.

"நீதான்" என்றாள் டெலாலி.

அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு தன் மார்பில் இருந்த, தான் வாங்கியதாக நினைவில்லாத பதக்கங்களைக் குனிந்து பார்த்தான். முற்றத்துப் பலகையில் உட்கார்ந்திருந்த பழையவர்களைப் பார்த்தான். அவர்கள் எப்படி வந்தவர்கள் என்று சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தெரியும். பெரிய சத்தத்தோடு கையை உதறிக் கடலை நோக்கித் திமிறினான். டெலாலி விடவில்லை, மணலில் வயிறு தேயத் தேய அவனோடு இழுபட்டாள், மாவுசியும் பாய்ந்து அவன் காலைப் பிடித்தாள், அலை வந்து மூன்று பேரையும் நனைத்துப் போனது.

"செத்துப்போகிறேன் விடு அம்மா."

"சாக விட மாட்டேன். மறக்கவும் விட மாட்டேன். அவர்களை எங்கே வைத்தாய் என்று சொல்."

"எனக்கு ஒன்றும் நினைவில்லையே! சத்தியமாக நினைவில்லையே!"

அதுவரை வந்த எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், அதோடு எல்லாம் முடிந்துபோகும். மாவுசி அவன் காலை விடாமலே, முகத்தில் ஈர மணலோடு நிமிர்ந்து கேட்டாள்.

"நினைவு வேண்டாம். உன்னை உனக்குத் தெரியும் இல்லையா? நீ பயந்திருந்தால், வெளியே தெரியக் கூடாது என்று நினைத்திருந்தால், எங்கே அனுப்பியிருப்பாய்?"

எடெம் திமிறுவதை நிறுத்தினான். பிறகு அவன் பேசியபோது குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"வடக்கே செம்மண் குவாரி. ரயில் பாதை முடிகிற இடம். பட்டாளத்தில் எங்களுக்கு அங்கேதான் பயிற்சி. ஆள் நடமாட்டம் கிடையாது, மண் மெத்தென்று இருக்கும். நானாக இருந்தால்... அங்கேதான் சொல்லியிருப்பேன்."

அன்றைக்கே புறப்பட்டோம். டெலாலி அவன் கையை விடாமல் நடந்தாள். குவாரியில் புல் முளைத்திருந்த ஒரு பக்கத்தை அவன் பார்த்தான், வேறெங்கும் பார்க்காமல் அங்கே போய் மண்டியிட்டு, மண்வெட்டிக்குக் காத்திராமல் கையால் தோண்டினான். நாங்களும் தோண்டினோம். முதலில் ஒரு செருப்பு வந்தது. பிறகு ஒரு சட்டை, அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக அவர்கள் வந்தார்கள். செலோமை மாவுசி பல்லை வைத்து அடையாளம் கண்டாள், முன்பல் கொஞ்சம் ஏறியிருக்கும் அவனுக்கு. அவள் கத்துவாள் என்று நினைத்தோம். அவள் இடுப்புத் துணியை அவிழ்த்து விரித்து, எலும்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கி, முடிச்சுப் போட்டு, மூட்டையை எடெமின் கையில் வைத்தாள்.

"நீ தூக்கி வா" என்றாள்.

அவன் தூக்கினான். பிள்ளையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு ஊர் வரைக்கும் நடந்தான். வழியில் யாரும் அவனை அடிக்கவில்லை, யாரும் அவனிடம் பேசவும் இல்லை. குவாரி மண்ணில் இன்னும் எடுக்காதவர்களை நினைத்துப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஊருக்குள் நுழைந்தபோது முற்றத்தில் பிரிகேடியரும் பேராசிரியரும் கர்னலும் ஜெனரலும் எழுந்து நின்றார்கள், எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே. கோக்குவி கர்னலின் எதிரில் போய் நின்று, புதைத்த இடம் தெரியாமல் போன தம்பியின் பெயரைச் சொல்லி, "உட்காருங்கள், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்" என்று ஆரம்பித்தார்.

மாவுசியின் வாசலில் எடெம் மூட்டையை அவள் கையில் கொடுத்தான். பிறகு எதிர்த்த வாசலுக்கு வந்து, உள்ளே காலெடுத்து வைக்காமல் நின்றான். "அம்மா, நான் உள்ளே வரலாமா?" என்று கேட்டான்.

டெலாலியால் வா என்று சொல்ல முடியவில்லை. போ என்றும் சொல்ல முடியவில்லை. பிடித்துப் பிடித்து வீங்கிப்போன தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து, மகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாவுசிதான் குரல் கொடுத்தாள்.

"அவனுக்குச் சோறு போடு அக்கா. நாளைக்கும் தோண்ட வேண்டும்."